பேனல் மாட்டியாச்சு, பேட்டரிக்கு யார் பொறுப்பு?

கிராமத்துப் பள்ளிகளிலும் மாலை நேரப் படிப்பு மையங்களிலும் சூரிய மின்சாரத்தைப் பயன்படுத்துவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, இந்த வேலையிலேயே இருப்பவர்கள் பதில் சொல்கிறார்கள். விலைகள் எல்லாம் தோராயமானவை. ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும்.

கேள்வி: ஜவ்வாது மலையில் எங்கள் சிற்றூரில் மாலை 6 மணி முதல் 9 மணி வரை 25 பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துகிறோம். 20-க்கு 15 அடி அறை. கரன்ட் கனெக்‌ஷன் இருக்கிறது. ஆனால், மழைக்காலத்தில் போனால் இரண்டு மூன்று நாள் வராது. வந்தாலும் லோ வோல்டேஜ். 50,000 ரூபாய் தருவதாக ஒருவர் சொல்லியிருக்கிறார். கடையில் 'ஒரு கிலோவாட் போட்டுடுங்க' என்கிறார்கள். எது சரி?
— தன்னார்வலர், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் கணக்குப் போட்டுவிடுங்கள். முதலில் வெளிச்சம். உங்கள் அறை ஏறக்குறைய 28 சதுர மீட்டர். பிள்ளைகள் கண்ணைச் சுருக்காமல் படிக்க, புத்தகத்தின் மேல் 150 லக்ஸுக்குக் குறையாமல் வெளிச்சம் விழ வேண்டும். 20 வாட் எல்.இ.டி. டியூப்லைட் நான்கு போட்டால் இது கிடைத்துவிடும், சுவருக்கு வெள்ளை அடித்திருந்தால். கரி படிந்த சுவரும் ஓடு தெரியும் கூரையும் வெளிச்சத்தை விழுங்கிவிடும். அப்படிப்பட்ட அறையில் ஐந்தாவது டியூப் வாங்குவதற்கு முன் ஒரு கோட் சுண்ணாம்பு அடியுங்கள். செலவும் குறைவு, பலனும் அதிகம்.

நான்கு டியூப், மூன்று மணி நேரம்: 240 வாட்-மணி. கரன்ட் குறைவாக இழுக்கும் 28 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் இரண்டு, மூன்று மணி நேரம்: 168. செல்போன், டேப்லெட் சார்ஜுக்கு 60 வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் சேர்த்து 470. கைக்கு அடக்கமாக 500 வாட்-மணி என்று கொள்வோம். அதாவது அரை யூனிட். இதற்கு ஒரு கிலோவாட் பேனல் தேவையே இல்லை.

நல்ல வெயில் காலத்தில் 200 வாட் பேனலே இதைத் தந்துவிடும். ஆனால், வடகிழக்குப் பருவமழை மாதங்களைத்தான் நாம் கணக்கில் எடுக்க வேண்டும். அப்போது முழு வெயிலுக்குச் சமமான நேரம் ஒரு நாளைக்கு மூன்றரை மணிக்கு இறங்கிவிடும். பேனல் சூடு, தூசி, பேட்டரியில் போய் வரும் இழப்பு எல்லாம் கழித்தால் பேனல் மேல் எழுதியிருப்பதில் 65 சதவீதம்தான் விளக்குக்கு வந்து சேரும். 500-ஐ மூன்றரையால் வகுத்து, மறுபடி 0.65-ஆல் வகுத்தால் 220 வாட். இதற்கு மேலே கொஞ்சம் கை இருப்பு வேண்டும். 165 வாட் பேனல் இரண்டு வாங்குங்கள். ஒரே பெரிய பேனலாக வாங்கினால் வாட்டுக்கு விலை குறையும்தான். ஆனால் மலைப்பாதையில் தூக்கிப் போக இரண்டு சிறியதே வசதி. ஒன்று உடைந்தாலும் மற்றது ஓடும்.

பேட்டரி 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி டியூபுலர் (தண்ணீர் ஊற்றிப் பராமரிக்கும் ஈய-அமில வகை). முழுக் கொள்ளளவு 1,800 வாட்-மணி. இதில் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது. அப்படியென்றால் கையில் இருப்பது 900. வெயிலே இல்லாத நாளில் ஃபேனை நிறுத்திவிட்டு விளக்கை மட்டும் எரித்தால் மூன்று மாலை தாங்கும். மழைநாளில் ஃபேன் எதற்கு? இதை ஸ்விட்ச் போர்டு பக்கத்திலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

பேனல் கரன்ட்டை அளவோடு பேட்டரிக்கு ஏற்றும் சார்ஜ் கன்ட்ரோலர் வாங்கும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். பி.டபிள்யூ.எம்., எம்.பி.பி.டி. என்று இரண்டு வகை. வீட்டுக் கூரைகளில் மாட்டும் 330 வாட் பெரிய பேனல் 37 வோல்ட்டில், 9 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாகக் கரன்ட் தரும். அதை பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் வழியாக 12 வோல்ட் பேட்டரிக்குக் கொடுத்தால் ஆம்பியர் அப்படியே இருக்கும், வோல்டேஜ் மட்டும் பேட்டரி அளவுக்கு இறங்கிவிடும். 13 வோல்ட், 9 ஆம்பியர்: 117 வாட். 330 வாட்டுக்குப் பணம் கொடுத்து மூன்றில் ஒரு பங்கைத்தான் வீட்டுக்குக் கொண்டுவருகிறீர்கள். நன்கொடையாக வரும் பெரிய பேனல்களுக்கு மலிவான கன்ட்ரோலர் மாட்டி, 'சோலார்னா இவ்வளவுதான்' என்று முடிவு கட்டிய இடங்கள் நிறைய. எம்.பி.பி.டி. அந்தக் கூடுதல் வோல்டேஜை வீணாக்காமல் ஆம்பியராக மாற்றித் தரும். 30 ஆம்பியர் எம்.பி.பி.டி. வாங்குங்கள், 4,500 ரூபாய் ஆகும்.

விளக்கும் ஃபேனும் 12 வோல்ட் டி.சி.யிலேயே, அதாவது பேட்டரி தரும் கரன்ட்டிலேயே, ஓடுபவையாக இருக்கட்டும். இன்வெர்ட்டர் செலவு மிச்சம். அது சும்மா இருக்கும்போது தின்னும் கரன்ட்டும் மிச்சம். ஆனால் 12 வோல்ட்டில் வயர் தடிமன் ரொம்ப முக்கியம். பேட்டரி ஒரு கட்டடத்தில், வகுப்பு 15 மீட்டர் தள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு டியூபும் சேர்ந்து 6.7 ஆம்பியர் இழுக்கும். வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 1.5 சதுர மி.மீ. வயர் போட்டால் போகவர 30 மீட்டரில் 2.4 வோல்ட் வழியிலேயே போய்விடும். விளக்கு மங்கும், ஃபேன் முனகும். குறை பேட்டரி மேல் விழும். 6 சதுர மி.மீ. போட்டால் இழப்பு அரை வோல்ட்டைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அதைவிட நல்லது, பேட்டரியை வகுப்பறையின் மூலையிலேயே, மரப்பலகை மேல், காற்றோட்டமுள்ள பூட்டு போட்ட பெட்டிக்குள் வைப்பது. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும்; அதனால் பெட்டியின் மேல்புறம் துளைகள் கட்டாயம்.

பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஓர் அடிக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். 'எம்.சி.பி. இருக்கே' என்று வீட்டு எம்.சி.பி.யை மாட்டுவார்கள், விடாதீர்கள். ஏ.சி.க்குச் செய்த எம்.சி.பி.யில் டி.சி. கரன்ட்டின் தீப்பொறி சுலபத்தில் அணையாது. டி.சி. என்று அச்சிட்டதைக் கேட்டு வாங்குங்கள். மலைப்பகுதியில் இடி அதிகம். பேனல் ஃபிரேமையும் ஸ்டாண்டையும் எர்த் பண்ணாமல் விடக் கூடாது.

பேனல் தெற்குப் பார்த்து 10 முதல் 15 டிகிரி சாய்வில் இருக்கட்டும். இதற்கும் தட்டையாக வைத்தால் மழை தூசியைக் கழுவாமல் கீழ் ஓரத்தில் சேறாகத் தேக்கிவிடும். காலை 9 மணியிலிருந்து மாலை 3 மணி வரை ஒரு நிழலும் விழக் கூடாது. டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். மே மாதம் நிழல் இல்லாத இடத்தில் அப்போது பக்கத்து மரத்தின் நிழல் வந்து நிற்கும்.

மொத்தக் கணக்கு: பேனல் 11,000, கன்ட்ரோலர் 4,500, பேட்டரி 15,500, டியூப் 2,000, ஃபேன் 5,000, ஸ்டாண்ட், வயர், ஃபியூஸ், எர்த்திங் 5,000. ஆக 43,000. மீதி 7,000 ரூபாயை வேறு எதற்கும் தொடாதீர்கள். தபால் ஆபீஸிலோ மகளிர் குழுவிலோ பேட்டரிக் கணக்கு என்று தனியாகப் போட்டு வையுங்கள். பேனல் 25 வருடம் உழைக்கும். பேட்டரி நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஐந்து வருடம். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை 15,000 என்றால் மாதம் 250. உங்களிடம் 25 பிள்ளைகள். தலைக்கு மாதம் 10 ரூபாய். நன்கொடையாளர் ஒருமுறைதான் வருவார். அந்த 10 ரூபாயை முதல் மாதத்திலிருந்தே வசூலிக்கும் மையம் ஏழாவது வருடமும் எரியும்.

கேள்வி: டியூபுலரா, லித்தியமா? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.
— தலைமையாசிரியர் (ஓய்வு), நாமக்கல் மாவட்டம்

பதில்: ரோடு இருக்கிறது, டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற ஒரு பொறுப்பான ஆள் இருக்கிறார் என்றால் டியூபுலர் போதும். கொல்லிமலை மாதிரி இடத்தில், கடைசி இரண்டு கிலோமீட்டர் தலைச்சுமை என்றால் லித்தியம். 150 ஆம்பியர் டியூபுலர் 50 கிலோவுக்கு மேல் கனக்கும், ஆசிட் சிந்தாமல் நிமிர்த்தியே தூக்க வேண்டும். அதற்கு ஈடான 100 ஆம்பியர் லித்தியம் அயன் பாஸ்பேட் பேட்டரி 12, 13 கிலோதான். அதில் 80 சதவீதம் வரை இறக்கலாம். தண்ணீர் வேலை இல்லை. விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு.

லித்தியம் வாங்கினால் கன்ட்ரோலரில் பேட்டரி வகையை மாற்றி வைக்க மறக்காதீர்கள். டியூபுலருக்கான அமைப்பில் மாதம் ஒருமுறை 15 வோல்ட் வரை ஏற்றி ஈக்குவலைஸ் செய்யும் (செல்களைச் சமப்படுத்தும்) கன்ட்ரோலர்கள் உண்டு. அந்த வோல்டேஜில் லித்தியம் பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் இணைப்பையே துண்டித்துவிடும். பேட்டரி செத்துவிட்டதாக நினைத்துக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோவார்கள். குறை அங்கே இருக்காது. எந்த வகையானாலும் தகரக் கொட்டகைக்குள் வைக்காதீர்கள். ஈய-அமில பேட்டரிக்கு 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஆயுள் பாதியாகும்.

கேள்வி: மூன்று வருடத்துக்கு முன் ஒரு நிறுவனம் எங்கள் படிப்பு மையத்துக்கு சோலார் போட்டுக் கொடுத்தது. இப்போது விளக்கு 20 நிமிடம் எரிந்து அணைந்துவிடுகிறது. போட்டவர்கள் போனை எடுப்பதில்லை. உள்ளூர் மெக்கானிக் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார். நாங்களே பார்க்க வழி உண்டா?
— மகளிர் குழுத் தலைவி, தருமபுரி மாவட்டம்

பதில்: உண்டு அம்மா. 400 ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர், 150 ரூபாய்க்கு ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஒரு ஹைட்ரோமீட்டர் போதும். எல்லாவற்றையும் மாற்ற வேண்டிய நிலைமை அபூர்வம்.

மேலே பாருங்கள், மீட்டரை அப்புறம் எடுக்கலாம். மூன்று வருடத்தில் வேப்பமரம் எவ்வளவு வளர்ந்திருக்கும்? பேனலுக்குள் செல்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. ஒரு தென்னங்கீற்றின் நிழல் ஒரு வரிசையில் விழுந்தாலும் அந்தப் பகுதி முழுவதும் வேலைநிறுத்தம் செய்யும். மரத்தை வெட்டத் தேவையில்லை, கிளையைக் கழித்தால் போதும். பேனல் மேல் வெள்ளைத் திட்டுகள் இருந்தால் அது எச்சமா, உப்பா என்று விரலால் தேய்த்துப் பாருங்கள். போர் தண்ணீரால் தினமும் கழுவுகிற இடங்களில் உப்புப் படிந்து கண்ணாடி மங்கிவிடுகிறது. மாதம் இரண்டு முறை, விடிகாலையில், மழைநீரோ ஆற்றுத் தண்ணீரோ கொண்டு துணியால் துடைத்தால் போதும். மதிய வெயிலில் சூடாக இருக்கும் கண்ணாடி மேல் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடலாம்.

இனி மீட்டர். மதியம் 12 மணிக்கு, கன்ட்ரோலருக்கு வரும் பேனல் வயரைக் கழற்றி வோல்டேஜ் பாருங்கள். 12 வோல்ட் பேனலில் 20 முதல் 22 வோல்ட் காட்டினால் பேனல் உயிரோடு இருக்கிறது. பேனல் வயரைத் திரும்ப மாட்டி, பேட்டரி முனையில் வையுங்கள். வெயில் ஏறிக்கொண்டே போகும்போது இந்த எண் 14-ஐத் தாண்ட வேண்டும். பேனலில் 20 இருந்தும் பேட்டரியில் 12.5-லேயே நாள் முழுக்க நின்றால் கன்ட்ரோலரையோ அதற்குள் வரும் இணைப்பையோ சந்தேகப்படுங்கள். ஸ்க்ரூ தளர்ந்து, பச்சை பூத்து, வயர் முனை கருகியிருப்பது சாதாரணம். சுரண்டிச் சுத்தம் செய்து, இறுக்கி, பேட்டரி டெர்மினலில் வாசலின் தடவுங்கள்.

ஒரு எச்சரிக்கை. எதைக் கழற்றினாலும் முதலில் பேனல் வயர், பிறகு பேட்டரி வயர். மாட்டும்போது தலைகீழ்: முதலில் பேட்டரி, பிறகு பேனல். பேட்டரி இல்லாமல் பேனலின் முழு வோல்டேஜும் கன்ட்ரோலரில் ஏறினால் அது எரிந்துபோக வாய்ப்பு உண்டு. பேட்டரியின் இரண்டு முனையையும் ஸ்பானர் ஒன்றாகத் தொட்டுவிடக் கூடாது. கை வளையலைக் கழற்றி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

பேனலும் கன்ட்ரோலரும் சரி என்றால் பேட்டரி. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஆறு மூடியையும் திறந்து ஹைட்ரோமீட்டரால் ஒவ்வொரு செல்லாக உறிஞ்சிப் பாருங்கள். ஆறும் 1.230-க்கு மேல் இருந்தால் பேட்டரி நலம். ஐந்து 1.230 காட்டி ஒன்று மட்டும் 1.150 என்றால் அந்த ஒரு செல் போய்விட்டது. மாற்றித்தான் ஆக வேண்டும். ஆறுமே 1.150 அருகில் என்றால் பேட்டரி பட்டினி கிடந்திருக்கிறது. உடனே தூக்கி எறியாதீர்கள். கடையில் கொடுத்து மெதுவாக, இரண்டு நாள் சார்ஜ் ஏற்றச் சொல்லுங்கள், கணிசமானவை தேறிவிடும். தண்ணீர் குறைந்து தகடு வெளியே தெரிந்திருந்தால் மட்டும் நம்பிக்கை குறைவு. குழாய்த் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ ஊற்றியிருந்தாலும் அப்படித்தான். டிஸ்டில்ட் வாட்டர் ஐந்து லிட்டர் கேன் நூற்றுச் சொச்சம். அதைச் சேமிக்கப் போய் 15,000 ரூபாய் பேட்டரியை இழக்கக் கூடாது.

ஏன் பட்டினி கிடந்தது என்று கண்டுபிடிப்பதுதான் முக்கியம். கன்ட்ரோலர் பெட்டியைத் திறந்து பாருங்கள்: பேட்டரி முனையிலிருந்து நேராக ஒரு வயர் கிளம்பிப் போகிறதா? மாரியம்மன் திருவிழாவுக்கு சீரியல் லைட், கிரிக்கெட் மேட்சுக்கு டி.வி., போன் சார்ஜுக்கு ஒரு பிளக். பேட்டரி ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் கன்ட்ரோலர் விளக்கை அணைத்துவிடும். அது தொந்தரவாக இருக்கிறது என்று நேர் வயர் போட்டுவிடுவார்கள். அதன் பிறகு பேட்டரி அடிமட்டம் வரை வற்றும். தகட்டில் சல்பேட் படியும். ஆறே மாதத்தில் கதை முடிந்துவிடும். யார் மேலும் கோபப்பட வேண்டாம், அந்த வயரை எடுத்துவிடுங்கள். போன் சார்ஜ் செய்யும் தேவை ஊருக்கு உண்மையாகவே இருக்கிறது என்றால் கன்ட்ரோலரின் லோடு முனையிலிருந்து (விளக்கு, ஃபேன் மாட்டும் முனை) ஒரு பிளக் கொடுத்து, ஒரு தடவைக்கு ஐந்து ரூபாய் என்று பேட்டரிக் கணக்கில் சேர்க்கலாம்.

இன்னொரு காரணம் கோடை விடுமுறை. 'யாரும் வரப்போவதில்லையே' என்று பேனல் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போகிறார்கள். பேட்டரி தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். ஜூனில் திறந்தால் காலி. விடுமுறையில் லோடை மட்டும் அணையுங்கள், பேனல் ஓடட்டும். மே மாத வெயிலில் தண்ணீர் வேகமாக வற்றும் என்பதால் நடுவில் ஒருமுறை ஒருவர் வந்து பார்க்க வேண்டும்.

கேள்வி: எங்களுடையது 180 பிள்ளைகள் படிக்கும், குறைந்த கட்டணத்தில் நடக்கும் சிறிய பள்ளி. மாடியில் சோலார் போட்டால் பிரதமர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் கிடைக்குமா? கரன்ட் போனாலும் கம்ப்யூட்டர் வகுப்பு நடக்குமா?
— தாளாளர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: இரண்டுக்கும் 'இல்லை' என்பதே பதில். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தின் மானியம் (2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000) வீட்டு இணைப்புகளுக்கானது. பள்ளி இணைப்புக்கு வராது. வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவர்களிடம் கவனம்.

இரண்டாவது, கிரிட்டோடு, அதாவது மின்வாரிய லைனோடு, இணைந்து ஓடும் ஆன்-கிரிட் அமைப்பு கரன்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் லைன்மேன் வேலை செய்துகொண்டிருக்கும்போது உங்கள் மாடியிலிருந்து கரன்ட் போய் அவர் உயிரை எடுக்கக் கூடாது அல்லவா? அதற்காகவே இன்வெர்ட்டர் அப்படிச் செய்யப்படுகிறது. கரன்ட் இல்லாதபோதும் ஓட வேண்டுமென்றால் பேட்டரியோடு ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வேண்டும்.

ஆனாலும் மானியம் இல்லாமலே உங்களுக்கு இது லாபம். பள்ளி நடப்பது பகலில், வெயில் அடிப்பதும் பகலில். தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் ஒரு நாளைக்குச் சராசரியாக நான்கு யூனிட் தரும்; நிழல் படாத 100 சதுர அடி இடம் போதும். 5 கிலோவாட் போட்டால் வருடத்துக்கு ஏறக்குறைய 7,000 யூனிட். உங்கள் பில்லில் யூனிட்டுக்கு 8 ரூபாய் விழுகிறது என்று வைத்தால் 56,000 ரூபாய். முதலீடு இரண்டரை முதல் மூன்று லட்சம். ஐந்து வருடம் சொச்சத்தில் திரும்பிவிடும், நீங்கள் உற்பத்தியை எல்லாம் பயன்படுத்தினால். இங்கேதான் சூட்சுமம். ஞாயிற்றுக்கிழமையும் மே மாதமும் பள்ளி கிடையாது. அந்த யூனிட்கள் வாரியத்துக்குப் போகும். அதற்கு என்ன விலை, கழிக்கிறார்களா, தனிக் கணக்கா என்பதை உங்கள் இணைப்பின் வகையைச் சொல்லி மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒரு வேலைநாளில் காலை 9 முதல் மாலை 4 வரை எத்தனை யூனிட் ஓடுகிறது என்று மீட்டரைப் பார்த்துக் குறித்து, அந்த அளவுக்கே பேனல் போடுங்கள். விற்பனையாளர் சொல்லும் அளவு இதைவிடப் பெரிதாகத்தான் இருக்கும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையாக இருந்தால் மேலே ஏறாதீர்கள், துளையும் போடாதீர்கள். தரையில் ஸ்டாண்ட் அடிக்கலாம்.

கம்ப்யூட்டர் அறைக்குப் பேனலைக் கூட்டுவதைவிட லோடைக் குறைப்பது மலிவு. பழைய டெஸ்க்டாப் பத்து ஓடினால் 1,200 வாட் இழுக்கும். அதே பத்துப் பேருக்கு மினி பி.சி.யும் எல்.இ.டி. மானிட்டரும் வைத்தால் 400 வாட்டில் அடங்கும். பேட்டரியும் மூன்றில் ஒரு பங்கு போதும்.

கேள்வி: இன்டர்நெட் வராத ஊர். விளக்கு இருக்கிறது. அந்த மிச்சக் கரன்ட்டில் பிள்ளைகளுக்குப் படிப்பு சம்பந்தமாக வேறு என்ன செய்யலாம்?
— இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர், ஈரோடு மாவட்டம்

பதில்: ராஸ்பெர்ரி பை என்று உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் இருக்கிறது. ஐந்து வாட்தான் தின்னும். மூன்று மணி நேரத்துக்கு 15 வாட்-மணி, ஒரு செல்போன் சார்ஜ் அளவு. அதில் 128 ஜி.பி. மெமரி கார்டு போட்டு, கிவிக்ஸ் மென்பொருள் வழியாகத் தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும், கோலிப்ரி வழியாகக் கணக்கு, அறிவியல் பாடங்களையும் ஏற்றிவிடலாம். இரண்டும் இலவசம். பெட்டியே ஒரு வைஃபை சிக்னல் தரும். பக்கத்தில் இருக்கும் பத்துப் போன்களில், டேட்டா இல்லாமலே, பிரவுசரில் திறக்கும். தமிழ்நாடு பாடநூல்களின் பி.டி.எஃப். கோப்புகளையும் அதிலேயே போட்டு வையுங்கள். பாடப்புத்தகத்தில் இருக்கும் கியூ.ஆர். கோடு இன்டர்நெட் இருந்தால்தான் வேலை செய்யும். அதன் பின்னால் இருக்கும் வீடியோக்களை டவுனுக்குப் போகும்போது திக்‌ஷா என்ற அரசுக் கல்வி ஆப்பில் இறக்கி எடுத்து வந்துவிடலாம்.

வழக்கமாகக் கெடுவது மெமரி கார்டு. சுவிட்சைப் பட்டென்று அணைத்தால் கார்டில் கோப்புகள் சிதையும். முறையாக ஷட் டவுன் செய்யப் பழக்குங்கள். அதே மாதிரி இன்னொரு கார்டு நகல் எடுத்து ஆசிரியர் வீட்டில் இருக்கட்டும். 12 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட் எடுக்க 50 ரூபாய் கார் சார்ஜர் வாங்காதீர்கள். வோல்டேஜ் இறங்கிப் பெட்டி திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகும். மூன்று ஆம்பியர் தரக்கூடிய கன்வர்ட்டர் வேண்டும்.

கேள்வி: மையத்துக்குப் பதிலாக ஆளுக்கொரு சோலார் விளக்கு வீட்டுக்குக் கொடுத்துவிட்டால் என்ன?
— வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: கொடுக்கலாம். ஆனால் கர்நாடகத்தில் செல்கோ செய்த முறையைப் பாருங்கள். ஹரிஷ் ஹாண்டே 1995-ல் இணைந்து தொடங்கிய சூரிய மின்சார நிறுவனம் அது. அவருக்கு 2011-ல் மகசேசே விருது கிடைத்தது. அவர்களது கல்விக்கான ஒளித் திட்டத்தில் பேனல் பள்ளிக்கூடத்தின் கூரையில் இருக்கும். விளக்கு பிள்ளையின் வீட்டில் இருக்கும். சின்ன பேட்டரி மட்டும் பையில் பள்ளிக்கு வந்து, பகலில் சார்ஜ் ஏறி, சாயங்காலம் வீட்டுக்குப் போகும். பள்ளிக்கு வராத நாள் வீட்டில் அந்த விளக்கு இல்லை. 'புள்ள இன்னிக்கு ஸ்கூலுக்குப் போகட்டும்' என்று வீட்டில் இருப்பவர்களே சொல்ல இது ஒரு காரணமாகிறது. பேனல் ஒரே இடத்தில் இருப்பதால் திருட்டுப் பயமும் இல்லை, பராமரிப்பும் சுலபம்.

ஐ.ஐ.டி. பம்பாயில் பேராசிரியராக இருந்தபோது சேத்தன் சோலங்கி முன்னெடுத்த மாணவர் விளக்குத் திட்டத்தில் விளக்குகளை அந்தந்தப் பகுதிக் கிராமத்து ஆட்களே பாகங்களைச் சேர்த்து உருவாக்கினார்கள். பழுதும் அவர்களே பார்த்தார்கள். நீங்கள் விளக்கு வாங்கும்போது இதை மனதில் வைத்து ஒரே ஒரு சோதனை செய்யுங்கள்: பின்பக்கம் ஸ்க்ரூ இருக்கிறதா, உள்ளே இருக்கும் செல்லைக் கழற்றி வேறு போட முடிகிறதா? ஒட்டி மூடிய பிளாஸ்டிக் விளக்கு இரண்டு வருடத்தில் குப்பை.

கேள்வி: படிக்காத பெண்களே சோலார் ரிப்பேர் செய்கிறார்கள் என்று ராஜஸ்தான் திலோனியா பற்றிக் கேள்விப்பட்டோம். நம் ஊரில் முடியுமா? ஐ.டி.ஐ. முடித்த பெண்ணுக்குப் பயிற்சி எங்கே கிடைக்கும்?
— ஊராட்சி உறுப்பினர், சேலம் மாவட்டம்

பதில்: கேள்விப்பட்டது உண்மை. அஜ்மீர் மாவட்டத்து திலோனியாவில் 1972-ல் பங்கர் ராய் தொடங்கிய வெறுங்கால் கல்லூரியில் ஆறு மாதப் பயிற்சி. மாணவிகளில் பெரும்பாலோர் நடுத்தர வயது, பாட்டி வயதுப் பெண்கள். ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் வந்திருக்கிறார்கள். பொது மொழி கிடையாது. பாகங்களை நிறத்தாலும் சைகையாலும் அடையாளம் காட்டி, செய்து செய்து பழக்குகிறார்கள். பகலில் ஆடு மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்காக அங்கே இரவுப் பள்ளிகள் நடக்கின்றன, சூரிய விளக்கில். பிள்ளைகளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் குழந்தைகள் பாராளுமன்றம் அந்தப் பள்ளிகளைக் கண்காணிக்கிறது. ஆசிரியர் வரவில்லை, விளக்கு எரியவில்லை என்றால் கேள்வி கேட்பது அவர்கள்தான்.

அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது பணம் வரும் வழியை. விளக்கு போடுவதற்கு முன்பே ஊரில் குழு அமையும். மண்ணெண்ணெய், மெழுகுவத்தி, டார்ச் செல் என்று ஒரு குடும்பம் மாதம் எவ்வளவு செலவழிக்கிறதோ அதை ஒட்டி மாதத் தொகை முடிவாகும். ரிப்பேர் செய்யும் பெண்ணுக்குச் சம்பளமும் உதிரி பாகங்களும் அதிலிருந்து வரும். தமிழ்நாட்டில் 2011-ல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீட்டோடு ஐந்து சூரிய விளக்குகளும் கிடைத்தன, நல்ல திட்டம். அப்படி விளக்கு பெற்ற வீடுகள் உங்கள் ஊராட்சியில் இருந்தால் எத்தனை இன்னும் எரிகின்றன என்று ஒரு நடை போய்ப் பாருங்கள். எரியாதவற்றில் பேனல் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பேட்டரியும் பார்க்க ஓர் ஆளும்தான் தேவைப்படும். ஒரு பெண்ணுக்குத் தொடக்க வேலை அங்கேயே இருக்கலாம்.

ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன், வயர்மேன் முடித்தவர்களுக்கு தேசிய சூரிய ஆற்றல் நிறுவனத்தின் சூர்யமித்ரா பயிற்சி உண்டு. 600 மணி நேரம், கட்டணம் இல்லை. அடுத்த வகுப்பு எங்கே, எப்போது என்பதை அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் பாருங்கள். பயிற்சி முடித்து வருபவருக்கு ஊராட்சி செய்ய வேண்டிய உதவி ஒன்று: டி.சி. கிளாம்ப் மீட்டர், ஹைட்ரோமீட்டர், கிரிம்பிங் டூல், பேனல் வயர்களை இணைக்கும் எம்.சி.4 கனெக்டர் பத்து ஜோடி, 10, 20, 30 ஆம்பியர் ஃபியூஸ் ஒவ்வொன்றிலும் பத்து. ஏறக்குறைய 6,000 ரூபாய்க்குள் இந்தப் பெட்டி அமைந்துவிடும். கிளாம்ப் மீட்டர் வாங்கும்போது டி.சி. ஆம்பியர் காட்டுமா என்று கடையிலேயே சோதித்து வாங்குங்கள், மலிவானவை ஏ.சி. மட்டுமே காட்டும்.